‘முன்பே இருந்த நோய்’ என்று காப்புறுதி கைவிட்டால்

கேள்வி:

வணக்கம் அம்மா. நாங்கள் பிறையில் இருக்கிறோம். என் கணவருக்கு வயது 51, தொழிற்சாலையில் டெக்னீஷியன். 2023 ஜூனில் கோயில் நண்பர் ஒருவர் மூலமாக மெடிக்கல் கார்டு (மருத்துவக் காப்புறுதி) எடுத்தோம். மாதம் 240 வெள்ளி (ரிங்கிட்). ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினோம். போன ஆகஸ்டில் ஒரு நாள் நள்ளிரவில் அவருக்குத் தாங்க முடியாத வயிற்றுவலி. ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். பித்தப்பையில் கல், வீங்கிவிட்டது, உடனே எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். காலை ஒன்பது மணிக்கு மருத்துவமனையில் காப்புறுதி நிறுவனத்திடம் ஜி.எல். (உத்தரவாதக் கடிதம்) கேட்டார்கள். மாலை நாலரைக்குத்தான் பதில் வந்தது: தர இயலாது. நகைகளை அடகு வைத்து, அண்ணனிடமும் வாங்கி, 23,400 வெள்ளி கட்டினோம்.

அப்புறம் பழைய கிளினிக் குறிப்புகளைக் கேட்டார்கள். கொடுத்தோம். நவம்பர் 18ஆம் தேதியிட்ட கடிதம் வந்தது. 2021இல் வயிற்றுவலிக்கு மருந்து எடுத்ததையும், 2022இல் ஒருமுறை ரத்த அழுத்தம் 148/94 இருந்ததையும் நாங்கள் சொல்லவில்லையாம். அதனால் கோரிக்கை நிராகரிப்பு, பாலிசியும் ரத்து. கட்டிய பணத்துக்கு ஒரு காசோலை வைத்திருக்கிறார்கள். ஏஜெண்டு நண்பர் இப்போது போனை எடுப்பதில்லை.

டெக்சஸில் இருக்கும் என் தங்கை, அங்கே மாநில அரசே சட்டம் போட்டு நோயாளியைக் காப்பாற்றுகிறது என்கிறாள். நம் பினாங்கு மாநில அரசு ஏன் அப்படிச் செய்யக்கூடாது? இன்னொன்று: 67 வயதான என் மாமியாருக்கு வேறொரு கம்பெனியில் கார்டு இருக்கிறது. பிரீமியம் ஏறிவிட்டது. நிறுத்திவிடலாமா?

வாசகி, பிறை

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம். உங்கள் கணவர் நலமாகத் தேறி வேலைக்குத் திரும்பியிருப்பார் என்று நம்புகிறேன். முதலில் ஒரு வேலை: அந்தக் காசோலையை வங்கியில் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் பதற வேண்டாம். "இதை நான் முழுத் தீர்வாக ஏற்கவில்லை, முறையீடு செய்கிறேன்" என்று இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். போடவில்லை என்றால் அலமாரியில் பத்திரமாக வையுங்கள். பணத்தை வாங்கிக்கொண்டீர்கள், ஆகவே ரத்தை ஒப்புக்கொண்டீர்கள் என்று நாளைக்கு யாரும் சொல்ல இடம் கொடுக்கக்கூடாது.

இரண்டாவது, ஒரு தேதி. மே 18. நவம்பர் 18இலிருந்து ஆறு மாதம். எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். இப்போதைக்கு காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போடுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆலோசனை வேலைக்கு வருமுன் 17 ஆண்டுகள் ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையின் அட்மிஷன் கவுண்டரில் இருந்தேன். ஜி.எல். எப்படிப் போகிறது, எப்படித் திரும்பி வருகிறது என்பதைக் கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே நின்று பார்த்தவள். அந்த நாட்களில் ஃபேக்ஸ்தான். ஒரு முறை நிபோங் திபாலிலிருந்து வந்த ஒரு பெரியவர், மகளோடு, மதியம் இரண்டு மணியிலிருந்து என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் துணிப்பை, அதற்குள் சுடுநீர்க் குடுவை. ஃபேக்ஸ் மெஷின் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்ப்பார். இரவு ஒன்பதரைக்கு மூன்று வரி வந்தது. உத்தரவாதம் தர இயலாது, மேற்கொண்டு விசாரணை தேவை, நன்றி. நான் அதை அவரிடம் படித்துச் சொன்னேன். அவர் எழுந்து, மகளைப் பார்த்து, "சரி, வாம்மா, பெரிய ஆஸ்பித்திரிக்கே போவோம்" என்றார். பையை எடுத்துக்கொண்டு நடந்துபோய்விட்டார். அந்த மூன்று வரிக்கு என்ன பொருள் என்று அன்றைக்கு அவருக்குச் சொல்ல எனக்கே தெரியவில்லை. இன்றுவரை அது என் மனத்தில் முள்ளாகக் குத்துகிறது.

அந்த மூன்று வரிக்குப் பொருள் இதுதான். ஜி.எல். மறுப்பு என்பது கோரிக்கை மறுப்பு இல்லை. ஜி.எல். என்பது, பில்லை நாங்கள் நேராக மருத்துவமனைக்குக் கட்டிவிடுகிறோம் என்று காப்புறுதி நிறுவனமோ அது அமர்த்திய நிர்வாக நிறுவனமோ முன்கூட்டியே கொடுக்கும் வாக்கு. சில மணி நேரத்தில், கையில் இருக்கும் ஒன்றிரண்டு தாளை வைத்து எடுக்கும் முடிவு அது. பாலிசி எடுத்து இரண்டு மூன்று ஆண்டுக்குள் என்றால் சந்தேகம் கூடுதலாக இருக்கும். விவரம் போதவில்லை என்றால் மறுத்துவிடுவார்கள். ஆனால் உங்கள் ஒப்பந்த உரிமை அப்படியே இருக்கிறது. பணத்தைக் கட்டிவிட்டு, பில், ரசீது, மருத்துவ அறிக்கையோடு பின்னால் கோரலாம். நீங்கள் செய்தது சரியான காரியம்தான்.

அந்த "ஒன்றிரண்டு தாள்" பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான சண்டை அங்கேதான் பிறக்கிறது. அட்மிஷனுக்கு முன் டாக்டர் நிரப்பும் படிவத்தில் ஒரு வரி உண்டு: அறிகுறிகள் எப்போதிலிருந்து? வெளியே பதினைந்து நோயாளி காத்திருக்க, டாக்டர் அந்த இடத்தில் அவசரமாக "நெடுநாளாக" என்று ஒரு சொல் எழுதிவிடுவார். நோயாளி சொன்னது "அப்பப்போ கொஞ்சம் வயிறு உப்பும் டாக்டர்" என்பதுதான். அந்த ஒரு சொல் கோலாலம்பூரில் ஒரு மேசைக்குப் போனதும் "முன்பே இருந்த நோய்" ஆகிவிடும். என் கவுண்டரில் எத்தனையோ தடவை நடந்தது இது. ஆகவே உங்கள் கணவரின் அந்தப் படிவத்தின் நகலை மருத்துவமனையிடம் கேளுங்கள். அதில் அந்த வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். தவறாக இருந்தால், அறுவை செய்த டாக்டரிடமே, நோய் எப்போது தெரியவந்தது, ஸ்கேன் எந்தத் தேதியில் எடுத்தது என்று விளக்கக் கடிதம் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுப்பார்கள். அநேகம் டாக்டர்களுக்குத் தங்கள் ஒரு சொல் இந்த வேலையைச் செய்தது என்பதே தெரியாது.

இப்போது நவம்பர் கடிதம். அதில் இரண்டு தனித்தனிக் குற்றச்சாட்டுகள் கலந்து கிடக்கின்றன. பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, பித்தப்பைக் கல் முன்பே இருந்த நோய் என்பது. உங்கள் பாலிசிப் புத்தகத்தில் இந்தச் சொல்லுக்கு விளக்கம் இருக்கும், எடுத்துப் படியுங்கள். நம் மலேசிய நாட்டு மருத்துவப் பாலிசிகளில் வழக்கமாக இருக்கும் விளக்கத்தின் உயிர், காப்புறுதி எடுத்தவருக்கு அந்த நோய் இருப்பது நியாயமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில் இருக்கிறது. அதற்குச் சிகிச்சை எடுத்திருக்க வேண்டும், அல்லது டாக்டர் சொல்லியிருக்க வேண்டும், அல்லது யாருக்கும் புரியும்படி தெளிவான அறிகுறி இருந்திருக்க வேண்டும். 2021இல் உங்கள் கணவர் கிளினிக்குக்குப் போனபோது "கேஸ்ட்ரிக்" என்று மருந்து கொடுத்து அனுப்பியிருப்பார்கள். ஸ்கேன் எடுத்திருக்க மாட்டார்கள், கல் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ரொட்டி சானாயும் தே தாரிக்கும் சாப்பிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிளினிக்குக்குப் போகாத பினாங்குக்காரர் யார்? டாக்டருக்கே தெரியாததை அவர் எப்படி அறிந்திருக்க முடியும்? காத்திருப்புக் காலமும் இங்கே தடையில்லை. பித்தக் கல், சிறுநீரகக் கல், மூலம், குடலிறக்கம், நீரிழிவு போன்ற குறிப்பிட்ட சில நோய்களுக்கு 120 நாள், மற்றவற்றுக்கு 30 நாள். நீங்கள் இரண்டு ஆண்டைத் தாண்டிவிட்டீர்கள்.

இரண்டாவது குற்றச்சாட்டு கனமானது: விண்ணப்பத்தில் உண்மையைச் சொல்லவில்லை, ஆகவே பாலிசியே செல்லாது என்பது. இங்கே சட்டம் உங்கள் பக்கம் எவ்வளவு நிற்கிறது என்பதை நம் மக்களில் பலர் அறிவதில்லை. 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டம், அதன் ஒன்பதாவது அட்டவணை. அதன்படி, உங்களைப் போன்ற தனிமனிதப் பயனீட்டாளர் எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று தானாக ஊகிக்கத் தேவையில்லை. நிறுவனம்தான் குறிப்பாகக் கேள்வி கேட்க வேண்டும். நீங்கள் நியாயமான கவனத்தோடு பதில் சொல்ல வேண்டும். ஒரு கேள்விக்குப் பதில் விடுபட்டோ அரைகுறையாகவோ இருந்து, நிறுவனம் மேற்கொண்டு கேட்காமல் பாலிசியைக் கொடுத்துவிட்டால், அந்தக் கேள்வியை அது விட்டுக்கொடுத்ததாகவே ஆகும். ஆகவே, 2023இல் அந்தப் படிவத்தில் எழுத்தில் இருந்த கேள்வி என்ன? "உயர் ரத்த அழுத்தம் உண்டு என்று உங்களிடம் சொல்லப்பட்டிருக்கிறதா?" என்று இருந்தால், ஒரு நாள் வலியோடு போனபோது 148/94 காட்டிய மனிதர் "இல்லை" என்று சொன்னது பொய்யா? "கடந்த ஐந்து ஆண்டில் எந்த டாக்டரையாவது பார்த்தீர்களா?" என்று இருந்தால் கதை வேறு. அந்தப் படிவத்தின் நகல் இல்லாமல் யாரும் உங்களுக்கு உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது. நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

அந்தக் கோயில் நண்பர் விஷயம். நம் வீடுகளில் காப்புறுதி எப்படி எடுக்கிறோம் என்பது எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து, வீட்டுக் கூடத்தில், டீ ஆறிக்கொண்டிருக்க, அவர் டேப்லெட்டில் டக்டக்கென்று தட்டுவார். "அண்ணே, பெரிய நோய் ஒண்ணும் இல்லைல்ல?" என்று ஒரே கேள்வி கேட்டு எல்லாக் கட்டத்திலும் "இல்லை" என்று போட்டுவிட்டு, "இங்கே விரலால் கையெழுத்துப் போடுங்க" என்பார். அன்று உங்கள் கணவர் அவரிடம் கேஸ்ட்ரிக் பற்றியோ ரத்த அழுத்தம் பற்றியோ வாயைத் திறந்து சொன்னாரா? நன்றாக நினைவுபடுத்திப் பாருங்கள். அதே அட்டவணை இன்னொன்றும் சொல்கிறது: ஏஜெண்டு நிறுவனத்தின் ஆள், அவருக்குத் தெரிந்தது நிறுவனத்துக்குத் தெரிந்ததாகவே எண்ணப்படும். இருவரும் சேர்ந்து மறைத்தால் அது பொருந்தாது. அப்படிச் சொல்லியிருந்தால், யார் உடனிருந்தார்கள், என்ன பேசினார்கள் என்று உங்கள் கணவரை அவர் கைப்பட எழுதவையுங்கள். பழைய வாட்ஸ்அப் செய்திகளையும் தேடுங்கள். நண்பர் மேல் கோபத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள்.

சரி, உங்கள் கணவர் சொல்லவில்லை, கேள்வியும் தெளிவாகத்தான் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் எல்லாம் போய்விடவில்லை. தவறான பதிலைச் சட்டம் இரண்டு விதமாகப் பார்க்கிறது. தெரிந்தே, அல்லது உண்மையோ பொய்யோ என்ற அக்கறையே இல்லாமல் சொன்னது ஒரு பக்கம். கவனக்குறைவாகவோ அறியாமலோ சொன்னது மறுபக்கம். முதல் வகை என்றால் நிறுவனம் பாலிசியை ரத்து செய்யலாம், பிரீமியத்தையும் பெரும்பாலும் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது அந்த வகைதான் என்று காட்டும் பொறுப்பு நிறுவனத்தின் தலையில் இருக்கிறது. இரண்டாவது வகை என்றால், அன்றைக்கு உண்மை தெரிந்திருந்தால் நிறுவனம் என்ன செய்திருக்கும் என்பதுதான் கேள்வி. பாலிசியே கொடுத்திருக்காது என்றால் ரத்து செய்து பணத்தைத் திருப்பலாம். ரத்த அழுத்தத்தை மட்டும் விலக்கிவிட்டுக் கொடுத்திருக்கும் என்றால், பித்தப்பை அறுவைக்கு முழுப் பணமும் வர வேண்டும். கூடுதல் பிரீமியம் கேட்டிருக்கும் என்றால் அந்த விகிதத்தில் குறைக்கலாம். உதாரணத்துக்கு, 240க்குப் பதில் 300 வெள்ளி கேட்டிருப்பார்கள் என்றால், உங்கள் பில்லில் ஐந்தில் நாலு பங்கு, அதாவது 18,720 வெள்ளி உங்களுக்கு வர வேண்டும்.

இப்போது அந்தக் காசோலையை மறுபடி பாருங்கள். நீங்கள் திட்டமிட்டு ஏமாற்றியதாக அவர்களே நினைத்திருந்தால் பிரீமியத்தைத் திருப்பியிருப்பார்களா? அது உறுதியான சாட்சி ஆகாது, ஆனால் கேட்க வேண்டிய கேள்வியைக் காட்டுகிறது. முறையீட்டில் இப்படிக் கேளுங்கள்: எங்கள் பதிலை எந்த வகையில் சேர்த்தீர்கள்? ஒருமுறை 148/94 இருந்தவருக்குப் பாலிசியே கொடுத்திருக்க மாட்டீர்கள் என்று உங்கள் எந்த விதி சொல்கிறது? ரத்த அழுத்தத்துக்கும் பித்தப்பைக் கல்லுக்கும் என்ன தொடர்பு? மூன்றையும் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் கேளுங்கள். போனில் பேசினால், பேசி முடித்ததும் "இன்று இன்னாரோடு பேசினேன், இப்படிச் சொன்னார்" என்று ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.

நகைக்காக மட்டும் நான் இவ்வளவு சொல்லவில்லை. பாலிசி ரத்தான ஒருவர் நாளைக்கு வேறெங்கு விண்ணப்பித்தாலும், "இதற்குமுன் எந்த நிறுவனமாவது மறுத்ததா, ரத்து செய்ததா?" என்ற கேள்வி காத்திருக்கும். 51 வயதில் உங்கள் கணவருக்கு அந்தக் கரும்புள்ளி நிற்கக்கூடாது. பாலிசியைத் திரும்ப நடைமுறைக்குக் கொண்டுவரவும் சேர்த்துக் கேளுங்கள்.

நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்குத்தான் முதல் கடிதம். அவர்கள் மறுபடியும் மறுத்தாலோ, 60 நாள் ஆகியும் வாய் திறக்காவிட்டாலோ, எஃப்.எம்.ஓ.எஸ். எனப்படும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவைக்குப் போகலாம். 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து இயங்குகிறது. முன்பு இரண்டாக இருந்த அமைப்புகளை ஒன்றாக்கியது. காப்புறுதிக் கோரிக்கை 250,000 வெள்ளி வரை அங்கே எடுத்துக்கொள்வார்கள். பயனீட்டாளருக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். முதலில் இரு தரப்பையும் பேசவைத்துப் பார்ப்பார்கள், முடியாவிட்டால் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை நீங்கள் ஏற்றுக்கொண்டால் நிறுவனம் கட்டுப்பட்டாக வேண்டும். உங்களுக்குச் சம்மதம் இல்லை என்றால் நீதிமன்றம் போகும் உரிமை உங்களுக்கு அப்படியே இருக்கும். ஒரே நிபந்தனை, நிறுவனத்தின் இறுதி முடிவிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். நவம்பர் கடிதமா, இனி வரப்போகும் கடிதமா, எது இறுதி முடிவு என்று வாதம் வரலாம். அந்த வாதத்துக்கே இடம் வேண்டாம். அதற்குத்தான் மே 18. மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதத் தயக்கமாக இருந்தால் கிரீன் லேனில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. தமிழிலேயே உட்கார்ந்து பேசலாம்.

இனி உங்கள் தங்கை சொன்னது. அது உண்மைதான். அமெரிக்காவில் 1945ஆம் ஆண்டின் மெக்காரன்–ஃபெர்குசன் சட்டம் காப்புறுதியைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மாநிலங்களிடம் விட்டுவைத்தது. அதனால்தான் டெக்சஸ் 2021இல் ‘தங்க அட்டை’ என்று மக்கள் சொல்லும் சட்டத்தைப் போட முடிந்தது: ஒரு டாக்டர் ஒரு சிகிச்சைக்குக் கேட்ட முன் அனுமதிகளில் 90 விழுக்காடு ஏற்கப்பட்டிருந்தால், அந்தச் சிகிச்சைக்கு அவர் இனி முன் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து, கணினி மட்டும் முடிவெடுத்துச் சிகிச்சையை மறுக்க முடியாது, உரிமம் பெற்ற மருத்துவர் பார்த்துத்தான் ஆக வேண்டும். ஆனால் தங்கையிடம் ஒன்று கேளுங்கள். அவர் கார்டு வேலையிடத்தில் கொடுத்ததா? பெரிய நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பணத்திலிருந்து நடத்தும் திட்டங்கள் 1974ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் ஒன்றின் கீழ் வருகின்றன, மாநிலச் சட்டம் அவற்றைத் தொடுவதில்லை. டெக்சஸில் இருந்துகொண்டே அந்தச் சட்டத்தின் நிழல் விழாதவர்கள் நிறையப் பேர்.

இங்கே நிலைமை நேர்மாறு. நம் அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் காப்புறுதி கூட்டரசுப் பட்டியலில் இருக்கிறது. பினாங்குச் சட்டமன்றம் எவ்வளவு மனம் வைத்தாலும் காப்புறுதிக்குச் சட்டம் போட முடியாது. காப்புறுதிக்குக் கடிவாளம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவிடம். தனியார் மருத்துவமனைக்குக் கடிவாளம், 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சுகாதார அமைச்சிடம். இரண்டும் வெவ்வேறு கைகள். டாக்டர் கட்டணத்துக்கு அட்டவணை போட்டு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். அறை, மருந்து, கையுறை, பஞ்சு, கருவி வாடகை இவற்றுக்கு அப்படி உச்சவரம்பு கிடையாது. ஒரு பில்லை எடுத்து வரி வரியாகப் பார்த்தால் புரியும், எந்தப் பகுதி வீங்கியிருக்கிறது என்று. சிகிச்சைக்கு முன் உத்தேசச் செலவைக் கேட்கும் உரிமையும், வரிவாரியான பில்லைக் கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. இந்த 23,400 வெள்ளிக்கும் அப்படி ஒரு பில் வாங்கி முறையீட்டோடு இணையுங்கள்.

மாற்றம் நடக்கவே இல்லை என்று சொன்னால் அது நியாயம் ஆகாது. ஒவ்வொரு நோய்க்கும் ஒரு தொகை என்று முன்பே வகுத்துக் கட்டும் முறையைக் கொண்டுவர 60 மில்லியன் வெள்ளி நிதி அறிவித்தார்கள். 2025 மே முதல் தனியார் கிளினிக்கும் மருந்தகமும் மருந்து விலையைக் காட்டியாக வேண்டும் என்று வந்தது. ஆனால் எனக்கு ஆசை இன்னொன்று. இந்தியாவில் 2024இல் காப்புறுதி ஆணையம் ஒரு மணி நேரக் கெடு வைத்தது. ரொக்கமில்லாச் சிகிச்சைக்குக் கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் பதில். டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரம், தாண்டினால் கூடும் செலவு நிறுவனத்தின் தலையில். இங்கேயும் ஜி.எல்.லுக்கு அப்படிச் சட்டத்தில் எழுதிய மணிக்கணக்கு வேண்டும். மறுப்புக்கான காரணம் தெளிவாக எழுத்தில் வேண்டும், பார்த்து முடிவெடுத்த மருத்துவரின் பெயர் கீழே வேண்டும். காலை ஒன்பதிலிருந்து நாலரை வரை வலியோடு ஒரு மனிதர் படுத்திருக்க, பெயரில்லாத மூன்று வரி வரக்கூடாது. இதை உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் சொல்லுங்கள். சட்டமன்ற உறுப்பினரை விட அவரால்தான் இதில் கேள்வி எழுப்ப முடியும். உங்கள் கடிதத்தின் நகலோடு போனால் அதற்கு எடை கூடும்.

மாமியாரின் கார்டு. நிறுத்தாதீர்கள், முதலில் விசாரியுங்கள். 2024 டிசம்பரில் பேங்க் நெகாரா அறிவித்த இடைக்கால ஏற்பாடு 2026 முடியும் வரை இருக்கிறது. பிரீமிய உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுக்குப் பரப்ப வேண்டும். 60 வயதோ அதற்கு மேலோ ஆனவர், தன் திட்டத்தின் ஆகக் குறைந்த வகையில் இருந்தால், உயர்வை ஓராண்டுக்கு நிறுத்திவைக்க வேண்டும். இந்தச் சலுகை மாமியாருக்குக் கொடுத்தார்களா என்று நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள். அதே விலையிலோ குறைவாகவோ மாற்றுத் திட்டம் உண்டா என்றும் கேளுங்கள். இணைக் கட்டணத் திட்டமும் ஒரு வழிதான். அதில் பில்லில் ஒரு பங்கை நீங்கள் கட்டுவீர்கள், பிரீமியம் இறங்கும். எவ்வளவு பங்கு, உச்சவரம்பு என்ன என்று தெரியாமல் கையெழுத்துப் போட வேண்டாம். பழையதை விட்டுவிட்டு வெளியே புதிதாக எடுத்தால் 67 வயதில் உடல்நிலைக் கேள்விகள் மறுபடி முதலிலிருந்து, காத்திருப்பும் முதலிலிருந்து. சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற தொடர் மருந்துக்கு அரசாங்கக் கிளினிக்கில் செலவு மிகக் குறைவு. அதைப் பதிந்து வைத்துக்கொண்டு, கார்டைப் பெரிய காரியத்துக்கு என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கடைசியாக, 2021இல் போன அந்தக் கிளினிக். காப்புறுதிக்காரர்கள் அங்கிருந்து எடுத்த குறிப்பு உங்களிடமும் இருக்க வேண்டும். நேரில் போய் நகல் கேளுங்கள். டாக்டர் இருந்தால், "அன்று ஸ்கேன் எடுக்கவில்லை, பித்தக் கல் என்று கண்டறியப்படவில்லை, நோயாளியிடம் அப்படிச் சொல்லவும் இல்லை" என்று, அது உண்மையாக இருந்தால், தேதியோடும் முத்திரையோடும் எழுதிக் கேளுங்கள். ரத்த அழுத்தம் அதன் பிறகு எப்போதாவது அளந்து சாதாரணமாக இருந்திருந்தால் அதையும் சேர்க்கச் சொல்லுங்கள். தொழிற்சாலையில் ஆண்டுப் பரிசோதனை செய்திருந்தால் அந்த அறிக்கையும் உதவும். சனிக்கிழமை காலையில் கூட்டம் சேர்வதற்கு முன் போய்விடுங்கள், உங்கள் கணவரையும் கூட்டிக்கொண்டு. குறிப்பு அவருடையது, கையெழுத்தும் அவர்தான் போட வேண்டும்.